தேவய்யாவுக்கு சாட்சி சொன்ன எதிரி

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கேள்வி வந்தது. மூணு வருஷத்துக்கு முன்னாடி லைன்ல இருந்து வெளிய போன ஒரு வண்டி. அதோட பின்பக்க இடது சக்கரத்து போல்ட்டை அன்னிக்கு எவ்வளவு டைட் வெச்சாங்க? வண்டி நம்பரைப் போட்டுத் தேடினேன். நாலே செகண்டு. எந்த ஷிஃப்ட், எந்த ஸ்டேஷன், எந்த டூல், எத்தனை நியூட்டன் மீட்டர், எல்லாம் வந்து விழுந்துடுச்சு. மண்ணூர், ஒரகடம் பக்கம் குப்பை கொட்டுற நம்ம மக்களுக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஒரு போல்ட்டு கூட பதிவு இல்லாம இந்த ஏரியாவை விட்டு வெளிய போறதில்ல. அந்தப் பதிவைப் பத்திரமா வைக்கிற சாஃப்ட்வேரை மேய்க்கிறதுதான் என் பொழப்பு.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல 'ஸ்கை ஃபோர்ஸ்' படம் ஓடுச்சு. 2025 ஜனவரில வந்த இந்திப் படம், அக்ஷய் குமார் நடிச்சது. படம் எப்படின்னு கேக்காதீங்க, விமர்சனம் எழுத வரல. ஆனா அந்தப் படத்துக்குப் பின்னாடி இருக்கிற நிஜக் கதை ரெண்டு நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. போல்ட்டுக்குப் பதிவு வைக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஒரு மனுஷனோட கடைசி சண்டைக்கு நம்மகிட்ட பதிவே இல்லாம இருந்ததைப் படிச்சா குடையாம என்ன செய்யும்?

அவர் பேரு அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. ஸ்குவாட்ரன் லீடர். படத்துல பேரை மாத்திட்டாங்க, அதனால நான் முழுப் பேரையும் எழுதிடறேன். குடகுக்காரர். 1932 டிசம்பர் 24ல பிறந்தார். குடகுன்னாலே நமக்கு காவிரியும் காபியும்தான் ஞாபகம் வரும். பட்டாளத்துக்காரங்களுக்கு ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவும் ஜெனரல் திம்மய்யாவும் ஞாபகம் வருவாங்க. அந்த மண்ணுல இருந்து 1954ல விமானப்படைக்கு அதிகாரியாப் போனவர் தேவய்யா. கூட இருந்தவங்க கூப்பிட்ட செல்லப் பேரு 'டப்பி'. மனைவி பேரு சுந்தரி.

சண்டை விமானம் ஓட்டுறவர்தான், ஆனா அதுக்கு மேல அவர் ஒரு வாத்தியார். மத்தவங்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுக்கிற பயிற்றுநர். (இந்திய விமானப்படைல இந்த மாதிரி வாத்தியார்களை உருவாக்கற பள்ளிக்கூடம் 1948ல அம்பாலாவுல ஆரம்பிச்சு, 1954ல நம்ம தாம்பரத்துக்கு வந்தது. இன்னிக்கும் அங்கதான் இருக்கு. தாம்பரம் பக்கம் குட்டி விமானம் வட்டமடிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, அதுல சில பேரு வாத்தியார் வேலைக்குப் படிக்கிற மாணவர்கள்.) 1965 போர் வந்தப்போ அவர் நம்பர் 1 ஸ்குவாட்ரன்ல, பஞ்சாப்ல ஆதம்பூர் தளத்துல இருந்தார்.

1965 செப்டம்பர் 6 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்துக்குள்ள புகுந்து தரையில நின்ன நம்ம விமானங்களை நொறுக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் விடியக் காலையில பதிலடி. குறி, பாகிஸ்தானோட பெரிய தளமான சர்கோதா. விங் கமாண்டர் ஓம் பிரகாஷ் தனேஜா தலைமையில பன்னிரண்டு மிஸ்டேர் விமானங்கள் போகணும். ரெண்டு உபரி. போற பன்னிரண்டுல எதாவது மக்கர் பண்ணி விலகினா மட்டும் உபரி உள்ள சேரணும், இல்லாட்டி தேவையில்லை. அந்த ரெண்டு உபரில ஒருத்தர்தான் தேவய்யா. நம்ம பாஷைல சொன்னா ஸ்டாண்ட்பை. ஒரு விமானம் விலகுச்சு. இவர் உள்ள சேர்ந்தார்.

இங்க கொஞ்சம் எஞ்சினியரிங் பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க. மிஸ்டேர், பிரான்ஸோட தஸ்ஸோ கம்பெனி செஞ்சது. நேர்க்கோட்டுல பறக்கும்போது ஒலி வேகத்தைத் தாண்டாது. ரெண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி. ஆதம்பூர்ல இருந்து தரையை ஒட்டியே பறந்து சர்கோதா போய்த் திரும்பறதுங்கிறது அதோட டேங்குக்கு எட்டுற கடைசி எல்லை. தரையை ஒட்டிப் பறந்தா ரேடார்ல மாட்ட மாட்டோம், ஆனா பெட்ரோல் குடிக்கிற குடி தாங்காது. (சரி, பெட்ரோல் இல்ல, மண்ணெண்ணெய் ரகம். விடுங்க.) போனோமா, போட்டோமா, திரும்பிப் பார்க்காம வந்தோமான்னு இருக்கணும். நடுவுல யாரோடயாவது மல்லுக்கட்ட நின்னா வீடு வந்து சேர எரிபொருள் மிஞ்சாது. கிளம்பும்போதே பன்னிரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

எதிர்ல நின்னது எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர். அமெரிக்கா கொடுத்தது. ஒலியை விட ரெண்டு மடங்கு வேகம். பார்க்க ராக்கெட்டுக்கு ரெண்டு பிளேடு ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். அந்த ரெண்டு பிளேடுலதான் சூட்சுமமே. அவ்வளவு சின்ன இறக்கையை வெச்சுக்கிட்டு நேரா போனா எவனும் பிடிக்க முடியாது, ஆனா வளைஞ்சு திரும்பணும்னா திண்டாட்டம். அதுவும் தரைக்குப் பக்கத்துல, வேகத்தைக் குறைச்சுக்கிட்டு, ஒரு பழைய விமானத்தோட சுத்திச் சுத்திச் சண்டை போடறது அதுக்கு ஆகவே ஆகாது. பைபாஸ்ல பறக்கிற ஸ்போர்ட்ஸ் பைக்கை சந்தை நெரிசல்ல டிவிஎஸ் ஃபிஃப்டியோட மோத விட்ட மாதிரி.

அன்னிக்கு சர்கோதாவுக்கு மேல காவலுக்கு வந்த ஸ்டார்ஃபைட்டரை ஓட்டினவர் ஃப்ளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். வந்தார், மிஸ்டேர்களைப் பார்த்தார், ஒண்ணு மேல சுட்டார், பட்டுச்சு. கதை முடிஞ்சதுன்னு நினைச்சார். முடியல. அடிபட்ட அந்த மிஸ்டேர் திரும்பி அவரோட சண்டைக்கு நின்னது. தரையை ஒட்டி, அவர் வேகத்தைக் குறைச்ச நேரமாப் பார்த்து, அவரைச் சுட்டது. ஸ்டார்ஃபைட்டர் கட்டுப்பாட்டை இழந்தது. அம்ஜத் ஹுசைன் குதிச்சுத் தப்பிச்சார். மிஸ்டேரும் விழுந்தது. அதை ஓட்டினவர் பிழைக்கல.

ஆதம்பூர்ல பதினோரு பேரு இறங்கினாங்க. பன்னிரண்டாவது ஆள் வரல.

இப்ப யோசிங்க. போன எல்லாரும் ரேடியோவில் பேசாம, தரையோட தரையா, அவங்கவங்க பாட்டுக்கு எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கிட்டே திரும்பினவங்க. பின்னாடி என்ன நடந்ததுன்னு யாரும் பார்க்கல. சண்டை விமானத்துக்கு ஒரு லாக் உண்டு, கன் கேமரான்னு பேரு. விசையை அழுத்தினா பீரங்கியோட சேர்ந்து கேமராவும் ஓடும், எதைச் சுட்டோம்னு ஃபிலிம்ல விழும். இறங்கினதும் ஃபிலிமைக் கழுவிப் பார்த்து, கூடப் பறந்தவன் சாட்சியும் கேட்டுத்தான் 'வீழ்த்தினார்'னு எழுதுவாங்க. விமானமே திரும்பலேன்னா ஃபிலிமும் இல்ல, சாட்சியும் இல்ல. சர்வரோட சேர்ந்து லாக் ஃபைலும் எரிஞ்சு போன மாதிரி. தேவய்யா பேருக்கு நேரா 'காணவில்லை'. அவ்வளவுதான். போர் முடிஞ்சு கைதிகள் திரும்பி வந்தாங்க. கரியப்பாவோட மகன், அவரும் விமானி, அவர் கூட பாகிஸ்தான்ல பிடிபட்டு இருந்துட்டுத் திரும்பி வந்தார். தேவய்யா அந்த வரிசையில இல்ல.

பதினாலு வருஷம் போச்சு. 1979ல ஜான் ஃபிரிக்கர்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் பாகிஸ்தான் தரப்பு ஆவணங்களையும் ஆட்களையும் வெச்சு 1965 விமானச் சண்டைகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். 'பாட்டில் ஃபார் பாகிஸ்தான்'. பேரைப் பார்த்தாலே எந்தப் பக்கத்துக் கதைன்னு தெரியும். அதுலதான் அம்ஜத் ஹுசைன் ஒரு மிஸ்டேரோட மோதி விமானத்தை இழந்த விவரம் வந்தது. நம்ம ஆளுங்க அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டாங்க. அந்தத் தாக்குதல்ல திரும்பாத மிஸ்டேர் எத்தனை? ஒண்ணு. அதை ஓட்டினவர் யாரு? தேவய்யா. அப்போ ஒலி வேகத்தைத் தாண்டாத விமானத்தை வெச்சுக்கிட்டு, அடியும் பட்டுக்கிட்டு, ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினது வேற யாரா இருக்க முடியும்?

தனேஜா அதுக்குள்ள ஓய்வு பெற்றிருந்தார். அவர் விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். 1988ல தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் அறிவிச்சாங்க. இறந்து 23 வருஷம் கழிச்சு. சுந்தரி அம்மா போய் வாங்கினாங்க. விமானப்படையில மறைவுக்குப் பிறகு மகாவீர் சக்கரம் வாங்கின ஒரே ஆள் இவர்தான். மடிக்கேரில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சர்க்கிளுக்கு அவர் பேரு. கூர்க் டூர் போறவங்க அடுத்த தடவை போட்டோ எடுக்கும்போது போர்டை ஒரு தடவை படிங்க.

இதைப் படிச்சிட்டு எல்லாரும் சொல்றது, 'ஆஹா, 23 வருஷம் கழிச்சாவது நியாயம் கிடைச்சுதே'. எனக்கு அது ஒப்பல. என் கோபத்தைக் கொஞ்சம் சரியாப் பிரிச்சு வெச்சுக்கிறேன்.

முதல் பதினாலு வருஷத்துக்கு நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். பார்த்த ஆள் இல்ல, ஃபிலிம் இல்ல, விழுந்த இடம் எதிரி நாடு. 1965ல இருந்த யாரா இருந்தாலும் 'காணவில்லை'ன்னுதான் எழுதியிருப்பாங்க. நானும் அதான் எழுதியிருப்பேன். ஆதாரம் இல்லாம மெடல் கொடுக்க ஆரம்பிச்சா அப்புறம் மெடலுக்கு என்ன மரியாதை?

என் பிரச்சனை 1979க்கும் 1988க்கும் நடுவுல. தகவல் அச்சாகிடுச்சு. கடையில காசு கொடுத்தா கிடைக்கும். எதிரியே 'ஆமாம்பா, உங்க ஆள் என் விமானத்தை விழ வெச்சுட்டான்'னு எழுதிக் கொடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஒரு கூட்டல் கழித்தல்தான் பாக்கி. அதைப் போட்டு, மேஜை மேஜையா நகர்ந்து, ஓய்வு பெற்ற கமாண்டர் ஒருத்தர் கடுதாசி போட்டு, ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்துக்கு பாகிஸ்தானைத் திட்ட முடியாது. அது நம்ம வீட்டுக் கணக்கு.

மெடல் கிடைக்கலேன்னா தேவய்யாவுக்கு என்ன நஷ்டம், அவர் மெடலுக்காகவா சண்டை போட்டார்னு ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு நஷ்டம் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா வீட்டுல இருந்தவங்களை நினைச்சுப் பாருங்க. 'உங்க வீட்டுக்காரர் காணாமப் போயிட்டார்'னு கேட்டுட்டு வாழறதும், 'அடிபட்ட பிறகும் திரும்பி நின்னு சண்டை போட்டார், ஜெயிச்சார்'னு தெரிஞ்சு வாழறதும் ஒண்ணா? அந்த ரெண்டாவது வாக்கியத்தை 1979லயே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம். மெடல் கூட அப்புறம் வரட்டும்.

இன்னொரு ஆளை வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. நிர்மல்ஜித் சிங் செகான். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர் விமானங்கள் தளத்து மேல குண்டு போட வந்தப்போ ஒரு குட்டி நாட் விமானத்துல ஏறிப் போய் சண்டை போட்டுச் செத்தார். விமானப்படைக்குக் கிடைச்ச ஒரே பரம்வீர் சக்கரம் அவருது. தகுதில ஒரு துளி சந்தேகம் இல்ல. ஆனா அவர் சண்டை போட்டது நம்ம தளத்துக்கு மேல, ரேடியோவில் அவர் பேசினதைக் கேட்டுக்கிட்டு ஆள் இருந்தாங்க. தேவய்யா சண்டை போட்ட இடத்துல கேக்க ஆள் இல்ல. தைரியத்தை அளக்கறோம்னு நினைச்சுக்கிட்டு பல சமயம் நாம அளக்கறது சாட்சி எண்ணிக்கையைத்தான்.

நம்ம ஊர்ப் பக்கமே வாங்க. காஞ்சிபுரம் பக்கத்துல திருப்பனமூர், அபிநந்தன் வர்த்தமானோட பூர்வீகம். (அவங்க அப்பா ஏர் மார்ஷல் வர்த்தமான்தான் 'காற்று வெளியிடை' படத்துக்கு விமானப்படை சமாச்சாரங்கள்ல ஆலோசனை சொன்னவர்னு தெரியுமோ? 2017ல வந்த படம், பாகிஸ்தான்ல பிடிபட்ட விமானி கதை. ரெண்டு வருஷத்துல மகனுக்கே அப்படி நடந்தது. சினிமாவே தோத்துது போங்க.) 2019 பிப்ரவரி 27ல அவர் ஒரு எஃப்-16ஐ வீழ்த்தினார்ங்கிறது இந்தியா சொல்றது. எங்க விமானம் எல்லாம் பத்திரமா இருக்குங்கிறது பாகிஸ்தான் சொல்றது. 2021ல அவருக்கு வீர் சக்கரம் கொடுத்தாச்சு, ஆனா வாக்குவாதம் மட்டும் ஓயல. இங்க டீக்கடையில அது தேசபக்தி பரீட்சை மாதிரி ஆயிடுச்சு, எதாவது சந்தேகம் கேட்டா முறைப்பாங்க. 1965ல ஸ்டார்ஃபைட்டர் விழுந்த கதை வெளிய வர பதினாலு வருஷம் ஆச்சு, அதுவும் அவங்க பக்கத்துல இருந்து. அந்த அனுபவத்துக்கு அப்புறமும் நாம பதிவைத் திறக்கறதை விட சத்தம் போடறதையே நம்பறோம்.

பதிவைத் திறக்கறதுன்னா என்னன்னு சொல்றேன். 1965 போரோட அதிகாரப்பூர்வ வரலாற்றை பாதுகாப்பு அமைச்சகமே எழுதி 1992ல முடிச்சுட்டாங்க. எழுதி முடிச்சதும் 'கட்டுப்படுத்தப்பட்டது'ன்னு முத்திரை குத்தி உள்ள வெச்சாச்சு. 2000ல அது பத்திரிகை வழியா இணையத்துக்குக் கசிஞ்ச பிறகுதான் ஜனங்க படிச்சாங்க. 1962 சீனப் போர் பத்தின ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை இன்னும் ரகசியம்தான். 2014ல நெவில் மேக்ஸ்வெல்லுங்கிற பத்திரிகையாளர் அதுல ஒரு பகுதியை இணையத்துல போட்டார், உலகமே படிச்சிருச்சு, நம்ம அரசாங்கம் மட்டும் இன்னும் ரகசியம்னுது. 2021ல பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை கொண்டு வந்தது. பொதுவா 25 வருஷத்துல ஆவணங்களைத் திறக்கணும், இனிமே நடக்கிற போர், நடவடிக்கை எல்லாத்தோட வரலாற்றையும் அஞ்சு வருஷத்துக்குள்ள தொகுக்கணும்னு. நல்ல கொள்கை. நடந்தா சந்தோஷம்.

பாதுகாப்பு ரகசியம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நான் சொல்லல. இன்னிக்குப் பறக்கிற விமானத்தோட ரேடார் விவரத்தை வெளிய விடுங்கன்னு எந்தக் கிறுக்கனும் கேக்க மாட்டான். ஆனா பறந்து முடிச்சு, கழிச்சுக் கட்டி, மியூசியத்துல நிக்கிற மிஸ்டேர் பத்தின காகிதத்துல என்ன ரகசியம் மிச்சம் இருக்கு?

இதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு சங்கதி. 1965 விமானப் போர் பத்தி நம்ம பக்கத்துல இருந்து வந்த உருப்படியான புத்தகத்தை எழுதினது யாரு தெரியுமா? பி.வி.எஸ். ஜகன்மோகன், சமீர் சோப்ரா. 2005ல வந்தது. சமீர் சோப்ரா நியூயார்க்ல தத்துவப் பேராசிரியரா இருந்தவர். ஜகன்மோகன் இணையத்துல விமானப்படை வரலாறு சேகரிச்சுக்கிட்டு இருந்த ஆர்வலர். ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற விமானிகளைத் தேடித் தேடிப் பேசி, அவங்க பறந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எதிர்த்தரப்பு எழுத்தோட ஒத்துப் பார்த்து எழுதினாங்க. அரசாங்க அலமாரி திறக்கலேன்னா ஆளுங்களைத் திறந்து கேட்டுட்டாங்க. நம்மள மாதிரி நேரம் கெட்ட நேரத்துல கீபோர்டு தட்டற கோஷ்டிதான் :-)

அம்ஜத் ஹுசைன் என்ன ஆனார்னு கேப்பீங்களே. 1971 போர்லயும் ஸ்டார்ஃபைட்டரோட வந்தார். அமிர்தசரஸ் பக்கம் நம்ம தரைப் பீரங்கி வீழ்த்துச்சு, போர்க்கைதியா இங்கதான் இருந்தார். அதாவது தேவய்யாவோட கடைசி நிமிஷங்களைப் பார்த்த ஒரே மனுஷன் நம்ம கைக்குள்ளயே இருந்திருக்கார், 'காணவில்லை'ன்னு எழுதி ஆறு வருஷத்துல. பிறகு அவங்க ஊருக்கு அனுப்பி வெச்சாச்சு. இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஒரு டீ குடிக்கப் போயிட்டேன்.

சரி, உங்ககிட்ட ஒரு வேலை. நம்ம தமிழ்நாட்டுல இருந்து விமானப்படைக்குப் போனவங்க எக்கச்சக்கம். எல்லாரும் பைலட் இல்ல. எஞ்சின் பார்த்தவங்க, குண்டு ஏத்தினவங்க, ரேடியோ பார்த்தவங்க. உங்க தாத்தாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார். 1965ல இருபது வயசுன்னா இப்ப எண்பது தாண்டியாச்சு. ஆதம்பூர்ல அந்தப் பதினோரு விமானம் இறங்கினப்போ தரையில நின்னு எண்ணினவங்க இருந்திருப்பாங்க இல்லையா? அவங்களை எந்த அமைச்சகமும் ரகசியம்னு பூட்டி வைக்கல. போய்க் கேளுங்க, போனைப் பக்கத்துல வெச்சுப் பதிவு பண்ணுங்க, எழுதிப் போடுங்க. எழுத்துப்பிழை பரவாயில்ல, தேதி முக்கியம்.

எங்க தெருவுலயே ஒரு பெரியவர் இருக்கார், விமானப்படைல எஞ்சின் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இத்தனை நாளா அவர்கிட்ட நான் பேசினதெல்லாம் தண்ணி லாரி எப்ப வரும்ங்கிறதைப் பத்தி மட்டும்தான். நேத்து சாயங்காலம் போய், '1971ல எங்க சார் இருந்தீங்க?'ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். 'ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, லாக் புக் எல்லாம் பரண் மேல இருக்கு, எடுத்து வெக்கிறேன்'னார்.

டிஸ்கி: அக்ஷய் குமார் ரசிகர்கள் பின்னூட்டத்துல கும்ம வேண்டாம். படம் சுமார்னு நான் எங்கயும் எழுதல.